எட்டு ஏரிக்குப் போகாதவள்

செவெல்மாவின் அப்பா லாரி ஓட்டியவர். பள்ளிக்கூடம் சேரும் முன்பே அவள் பாதி நாட்டை லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். கோபிப் பாலைவனத்தில் ஒட்டகமுடி மூட்டை ஏற்றியது, டயர் வெடித்து உப்பளத்து ஓரத்தில் படுத்துக் கிடந்தது, வடக்கே உறைந்த ஆற்றின்மேல் வண்டி போகும்போது பனிக்கட்டி உடைந்தால் குதிப்பதற்கு வசதியாக அப்பா கதவைத் திறந்தே வைத்திருந்தது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பெரியவளானதும் தானும் லாரி ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் அவள் பெரியவளாகும்போது கூட்டுப்பண்ணைகள் கலைந்து, டீசல் கிடைக்காமல், அப்பாவின் லாரி துருப்பிடித்து நின்றது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கோடைத் திருவிழாவில் தம்தினைப் பார்த்தாள். சேணத்தில் அவன் உட்கார்ந்திருந்த தினுசு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஓர்கோன் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில் யாக் மாடு மேய்க்கிற குடும்பம். ஆண்டுக்கு நான்கு முறை கூடாரத்தைப் பிரித்து வண்டியேற்றி இடம் மாறுகிறவர்கள். சரி, ஊர் ஊராகப் போகலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுத்தான் அவள் அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த நான்கு இடமும் எப்போதும் அதே நான்கு இடம் என்று. குளிர்காலத்துக்குப் பாறை மறைவு, வசந்தத்துக்கு அதற்குக் கீழே ஒரு சரிவு, கோடைக்கு ஆற்றங்கரை, இலையுதிர் காலத்துக்கு எதிர்க்கரை. ஒரு மேட்டில் ஏறி நின்றால் நான்கையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, நகரத்துக்குப் படிக்க அனுப்பிவிட்டு, நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

பள்ளத்தாக்குக்கு மேலே மலைக்குள் எட்டு ஏரிகள் இருக்கின்றன. செவெல்மா அங்கே போனதில்லை. மாடுகளுக்கு அங்கே வேலையில்லை, அதனால் அவளுக்கும் இல்லை. ஆனால் சில வருஷங்களாக வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் பெரிய பையைச் சுமந்துகொண்டு அந்த ஏரிகளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வருவதால் பள்ளத்தாக்கில் அவர்களுக்கு ‘ஆமைகள்’ என்று பெயர். அவர்களுக்குக் குதிரை வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும். தம்தின் போனான். ஒரு கோடையில் ஒரு தடவை என்று தொடங்கியது, பிறகு பனி கரைந்து அடுத்த பனி விழும்வரை அவன் வீட்டில் தங்குவதே அபூர்வம் என்று ஆகிவிட்டது.

வீட்டில் தம்தின் வாய் திறக்காத மனிதன். “டீ இருக்கா”, “மாடு வந்துச்சா” என்று இரண்டு கேள்வியில் அவன் நாள் முடிந்துவிடும். ஆனால் ஏரிக்குப் போய் வந்த அன்று மட்டும் அடுப்பருகில் சம்மணமிட்டு உட்கார்ந்து கதை சொல்லுவான். பட்டுப்போன லார்ச் மரத்துக்கு இடப்பக்கம் திரும்பினால் எரிந்த காடு, அதைத் தாண்டினால் குதிரை இறங்கத் தயங்குகிற கரும்பாறை, அப்புறம் கணவாய், கணவாயில் நின்றால் கீழே முதல் ஏரி. செவெல்மா வெண்ணெய் கடைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். மத்து நின்று நின்று ஓடும். ‘லாரிக்காரன் மகள் நான். நான் இங்கே சாணி பொறுக்க, மேட்டைத் தாண்டியறியாத இவன் ஊர் சுற்றிவிட்டு வந்து எனக்குக் கதை சொல்கிறானே’ என்று வயிறு காந்தும்.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. ஒருமுறை ஆமை ஒருத்தன் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஏரிக்கரையில், குதிரைமேல் உட்கார்ந்து, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு தம்தின் பாடுகிறான். தொண்டை நரம்பு புடைக்க நீளமான ராகம். முடிந்ததும் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவனும் வெட்கத்தோடு சிரிக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து அவன் தனக்காக ஒரு வரிகூட முணுமுணுத்ததில்லை என்பது செவெல்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய், கன்றுகளை வேண்டாத வேகத்தில் இழுத்துக் கட்டினாள்.

பக்கத்துக் கூடாரத்து நோர்ஜ்மாவுக்கு இதெல்லாம் மூக்கில் வியர்த்துவிடும்.

“என்னடி, உன் ஆளு மறுபடியும் கிளம்பியாச்சா? ஏரிப்பக்கமே ஒரு கூடாரம் போட்டுக்கச் சொல்லேன். போக வர அலைச்சல் மிச்சம்.”

“நீ உன் பாலைப் பொங்கவிடாம பாருக்கா.”

“எனக்கென்ன, எங்காளு எங்கயும் போறதில்ல. ஆனா அதுக்காக யாரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படல” என்று நோர்ஜ்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

அந்த வருஷம் கோடையின் நடுவில் ஒரு பெண் தனியாக வந்தாள். பெயர் ஜித்கா. செக் நாட்டுக்காரி. செவெல்மாவைவிட நாலைந்து வயது மூத்தவள் இருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். முதுகில் சிவப்புப் பை, அதன் பக்கவாட்டில் ஒரு தகர டம்ளர் தொங்கிக்கொண்டு நடைக்கு நடை டொங் டொங் என்றது. இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் கட்டாயத்துக்கு ரஷ்ய மொழி படித்தவர்கள், இரண்டு பேருமே ஏறக்குறைய மறந்தவர்கள். அந்த ஓட்டை ரஷ்யனில்தான் பேச்சு நடந்தது.

“புருஷன் எங்கே?” என்று செவெல்மா கேட்டாள்.

“இருந்தார். இப்ப இல்லை. நல்லா இருக்கார், ஆனா வேற வீட்டுல.”

“புள்ளைங்க?”

“ஒரு பையன். பெரியவன். அவனுக்கு நடக்கப் பிடிக்காது.”

“அப்ப ஊரைச் சுத்துறதுக்கு யார்கிட்ட சொல்லிட்டு வந்தே?”

ஜித்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இரண்டுமுறை திருப்பிக் கேட்டுவிட்டு, “யார்கிட்டயும் இல்லை” என்றாள். செவெல்மா அவளுக்கு ஊற்றிய உப்புத் தேநீர் கிண்ணத்துக்கு வெளியேயும் கொஞ்சம் சிந்தியது.

தம்தினுக்கோ வந்தவளைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. எந்தக் குதிரை சாது, எந்த ஏரியில் மீன் துள்ளும் என்று கையாலும் காலாலும் விளக்குகிறான். ஆமை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இவனுக்கு இத்தனை கை ஜாடை எங்கே இருந்தது என்று செவெல்மா மாவைப் பிசைந்துகொண்டே பார்த்தாள். பிசைந்த மாவு கல்லாகிவிட்டது.

மறுநாள் காலை கிளம்ப வேண்டும். ஆனால் காலையில் குதிரைகளைக் காணோம். யாரோ ஒருவருடைய பொலிகுதிரை அவற்றைத் தன் மந்தையோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தது. கூடாரத்தருகே கட்டியிருந்த இரண்டில் ஒன்றில் ஏறித் தம்தின் தேடப் போனான். வெயில் ஏறியும் திரும்பவில்லை. ஜித்கா கொஞ்ச நேரம் சாணி அள்ளினாள், கொஞ்ச நேரம் கன்றைப் பிடித்தாள், அப்புறம் பொறுமை இழந்து பையைத் தூக்கி மாட்டினாள்.

“நான் நடக்கறேன். அவர் குதிரையோட பின்னால வரட்டும். வழி எது?”

மேலே பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம்தான் ஏரி. வலப்பக்கம் கல்தொண்டை என்று ஒரு பள்ளம், உள்ளே போகப் போக சேறும் புதருமாகி ஒன்றுமில்லாத இடத்தில் முடியும். தம்தினின் வாயிலிருந்து இதை செவெல்மா நூறு தடவை கேட்டிருக்கிறாள். அவள் கை தானாக உயர்ந்தது. வலப்பக்கம் காட்டியது.

“அதோ, அப்படியே நேரா” என்றாள்.

ஜித்கா ஒரு கணம் அந்தத் திசையைப் பார்த்தாள். நன்றி சொன்னாள். டொங் டொங் என்று சத்தம் தேய்ந்துபோயிற்று. செவெல்மாவுக்கு நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. அலையட்டும், சேற்றில் காலை விட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வரட்டும். ஏரி எல்லாருக்குமா கிடைக்கிறது?

அந்தக் குளிர்ச்சி மத்தியானம்வரை தாங்கியது. பிறகு மலைமேல் மேகம் கறுத்தது. சாதாரண மேகமில்லை, அடிவயிறு பச்சையாக, ஆலங்கட்டி மேகம். கல்தொண்டையில் ஆலங்கட்டி விழுந்தால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. செவெல்மா கூடாரத்துக்கு உள்ளே போனாள், வெளியே வந்தாள். காயப்போட்டிருந்த தயிர்க்கட்டிகளைக் கூரையிலிருந்து எடுத்தாள், எடுத்ததை மறுபடி கூரையிலேயே பரப்பினாள்.

“அக்கா, சாயங்காலம் என் கன்னுகளைக் கட்டிடு!” என்று நோர்ஜ்மாவைப் பார்த்துக் கத்திவிட்டு, மிச்சமிருந்த குதிரைமேல் ஏறினாள்.

“எங்கடி போறே, வானம் கிழியப்போகுது?”

“ஆமையைத் தேடி!”

கல்தொண்டைக்குள் நுழைந்து கூப்பிட்டபடியே போனாள். பதில் இல்லை. கால்தடமும் இல்லை. இன்னும் உள்ளே போயிருப்பாள் என்று குதிரையை விரட்டினாள். ஆலங்கட்டி கொட்டியது. சேணத்தைக் கழற்றித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு குதிரையின் வயிற்றோரம் குந்தினாள். ஒவ்வொரு கல்லும் புறங்கையில் விழும்போது ‘வேண்டும், உனக்கு நன்றாக வேண்டும்’ என்று யாரோ எண்ணிப் போடுவதுபோல் இருந்தது. மழை விட்டபின் ஏறிப் போனால் குதிரை வயிறுவரை சேற்றில் இறங்கிவிட்டது. இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து இழுத்து, திட்டி, கெஞ்சி அதை வெளியே கொண்டுவருவதற்குள் அவளுடைய பூட்ஸ் ஒன்றை சேறு விழுங்கிவிட்டது. அங்கே நின்று அழுதாள். அந்தப் பெண் செத்திருப்பாள் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

உயரத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்று பக்கத்து முகட்டில் ஏறினாள். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் சேறு, கையில் நடுங்குகிற குதிரை. உச்சியில் நின்று மறுபக்கம் பார்த்தாள்.

கீழே ஏரி இருந்தது.

தம்தின் ஏரியைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருந்தான், ஆனால் அது இவ்வளவு அசையாமல் இருக்கும் என்று சொல்லவில்லை. மழை கழுவிய லார்ச் மரங்கள் கரையைச் சுற்றிலும் தலைகீழாகவும் நேராகவும் நின்றன. செவெல்மாவின் மனதில் முதலில் எழுந்தது வியப்பல்ல. ‘இதையா, இத்தனை வருஷமா, இத்தனை தடவையா பார்த்தான்!’ என்றுதான் எழுந்தது. பல் கடித்தபடி நின்றாள். அப்புறம்தான் கரையோரம் பருக்கையளவு ஒரு டென்டும், அதன்முன் மெல்லிய புகையும் கண்ணில் பட்டன.

ஜித்கா காய்ந்த துணியோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள். சேற்றுச் சிலைபோல் வந்து நின்றவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

“நீயா! என்ன ஆச்சு? உன் காலணி எங்கே?”

“நீ... நீ எப்படி இங்க? நான் அந்தப் பக்கம்தானே காட்டினேன்?”

“ஆமாம். ஆனா வரைபடத்துல இந்தப் பக்கம் இருந்தது. உனக்கு இடது வலது குழப்பம் போலன்னு நினைச்சேன். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்.”

செவெல்மாவுக்கு ஓவென்று சிரிப்பு வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஜித்காவுக்குப் புரியவில்லை. ஈரத் துணியைக் கழற்றச் செய்து, உறைபோன்ற படுக்கைக்குள் அவளை நுழைத்து, சூப்பைக் கையில் கொடுத்தாள். அந்தப் படுக்கை ஒரு முயல்குட்டி அளவுக்குச் சுருங்குமாம். டென்ட் ஒரு ரொட்டி அளவுக்குச் சுருங்குமாம். செவெல்மா அவற்றைத் தடவிப் பார்த்தாள். தன் கூடாரத்தைப் பிரிக்க மூன்று ஆட்களும் ஒரு வண்டியும் வேண்டும் என்று நினைத்ததும் வயிறு மறுபடி காந்த ஆரம்பித்தது.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. “நான் தப்பா காட்டினது குழப்பத்துல இல்ல. எனக்கு உன்மேல...” என்று தொடங்கினாள். பொறாமைக்கு ரஷ்ய மொழியில் என்ன சொல் என்று ஞாபகம் வரவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அங்கே நெருப்பு எரிவதுபோல் விரல்களை ஆட்டினாள்.

ஜித்கா கவலையோடு தலையாட்டினாள். பைக்குள் துழாவி, வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

“சூப்புக்கு அப்புறம் போடு. அரைமணியில சரியாயிடும்.”

வேறு வழியில்லாமல் செவெல்மா அதை விழுங்கினாள்.

சாயங்கால வெளிச்சத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜித்கா ஊரில் டிராம் ஓட்டுகிறவளாம்.

“வருஷம் பூரா அதே தடம். அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. ஸ்டியரிங்கூடக் கிடையாது.”

“ஸ்டியரிங் இல்லாத வண்டியா? அப்ப நீ என்னத்தை ஓட்டறே?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

வருகிற ஆமைகள் எல்லோரும் கடைசியில் ஒன்றைச் சொல்வார்கள்: நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், எவ்வளவு சுதந்திரமான வாழ்க்கை என்று. இவளும் அதைச் சொல்லப்போகிறாள் என்று செவெல்மா காத்திருந்தாள். சொல்லவில்லை. அவளே கேட்டாள், “எங்க மாதிரி இருக்கணும்னு உனக்குத் தோணலையா?”

“ஐயோ, வேண்டாம்” என்றாள் ஜித்கா. “ஒரு காலைநேரம் சாணி அள்ளினேன், இடுப்பு போயிடுச்சு. நீ எப்படித்தான் இருக்கியோ.”

அந்தப் பதில் செவெல்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முதல்முறையாக அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள்.

மறுநாள் காலை தம்தின் வந்துவிட்டான். பின்னால் மூன்று குதிரைகள், முகத்தில் தூக்கமில்லாத கோபம்.

“பைத்தியமாடி உனக்கு? மாடெல்லாம் மடி கனத்துக் கத்துது. நோர்ஜ்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. நான் ராத்திரி பூரா நீ எங்க செத்துக் கிடக்கியோன்னு...” என்றவன், அவள் கால்களில் ஜித்காவின் கம்பளிக் காலுறைகளைப் பார்த்து நிறுத்தினான். “சரி, ஏறு. உன்னை வீட்டுல விட்டுட்டு வந்து இவங்களைக் கூட்டிட்டுப் போறேன்.”

“நீ போய்யா வீட்டுக்கு. மாடு கத்துதுன்னியே. இவங்களை நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீயா? உனக்கு வழி தெரியுமா?”

“அடுத்த ஏரிக்குக் கரையோரமா போகக் கூடாது, உளைச்சேறு இருக்கு. மேல இருக்கிற வெள்ளைப் பாறைக்குப் பின்பக்கமா போகணும். அங்கேயிருந்து ஓடையைத் தாண்டி, இரட்டை மரத்துக்கு நடுவுல. நாலாவது ஏரியில தண்ணி குடிக்கலாம், அஞ்சாவதுல குடிக்கக் கூடாது. இன்னும் சொல்லவா?”

“யாரு சொன்னது இதெல்லாம்?”

“நீதான். வருஷா வருஷம். நான் வெண்ணெய் கடையறப்ப.”

“பால் கறக்கறது...”

“காம்பைப் பிடிச்சு இழு, வரும்.”

ஜித்காவுக்குப் பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. ஒன்றும் தெரியாதவள்போல் தகர டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்தின் தன் பூட்ஸைக் கழற்றி மனைவியிடம் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு குதிரையேறித் திரும்பிப் பார்க்காமல் போனான்.

எட்டு ஏரியையும் செவெல்மா பார்த்தாள். பெரிய பூட்ஸுக்குள் புல்லை அடைத்துக்கொண்டு பார்த்தாள். கன்றுக்குட்டி அளவு மீன் என்று தம்தின் அளந்ததெல்லாம் பொய். மீன் மீன் அளவுதான் இருந்தது. ஏழாவது ஏரியை அவன் ஒரு வார்த்தையில் கடந்துவிடுவான், ஆனால் அதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் அழகாகத் தெரிந்தது. ஓரிடத்தில் வழி தவறியது. திரும்பி வந்து சரிசெய்துகொண்டாள். கணவாயில் வழிப்போக்கர்கள் கல் வைத்துக் கும்பிடுகிற குவியலைச் சுற்றி வந்து தானும் ஒரு கல்லை வைத்தாள். ஒரு மாலை ஜித்கா பாடச் சொன்னபோது, குரல் பிசிற, அப்பாவின் லாரியில் பாடிய ஒரு பாட்டைப் பாடினாள். ஜித்கா அதைப் போனில் பிடித்தாள்.

வீடு திரும்பியபோது தம்தினின் விரல்கள் வீங்கியிருந்தன. இரண்டு அண்டா பாலைத் தீயவிட்டிருந்தான். ஒரு முரட்டு மாடு உதைத்து முழங்கால் கன்றியிருந்தது. நோர்ஜ்மா அவனுக்குப் ‘பால்கார அண்ணன்’ என்று பெயர் வைத்து, அது ஆற்றின் இரு கரைக்கும் பரவியிருந்தது.

ஜித்கா மேற்கே அல்தாய் மலைகளுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். பாதையில் ஒரு லாரி நின்றது. சிவப்புப் பை பின்னால் ஏறியது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினாள். புழுதி அடங்கும்வரை செவெல்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முன்சீட்டின்மேல் அவளுக்கு வந்த பொறாமைக்கு எந்த மாத்திரையும் போதாது. அது இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

உள்ளே வந்தால் தம்தின் அடுப்பருகில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

“திரும்பி வர்றப்ப அந்தம்மா ரொம்பச் சிரிச்சாங்களே. என்னத்துக்கு?”

“சும்மாதான்.”

“என்கூட வந்தவங்க யாரும் அழுதுட்டுப் போனதில்ல, போறப்ப. இவங்க எதுக்கு அழுதாங்க?”

“அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதுய்யா.”

“நீ பாடினியாமே? அந்தம்மா போன்ல காட்டினாங்க.”

அவள் டீயைக் கலக்கினாள். அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குப் பரம சந்தோஷமாக இருந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவனே, “பாடறதுன்னா இங்க பாடக் கூடாதா?” என்று முணுமுணுத்தான். “நீ முதல்ல பாடு” என்றாள் அவள். அன்று இருவருமே பாடவில்லை.

அடுத்த கோடையில் கொரியாவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கூட்டிப்போவது நானா நீயா என்று அடுப்பே அணைந்துபோகும் அளவுக்குச் சண்டை. கடைசியில் ஆட்டுக் கணுக்கால் எலும்பை உருட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதன் நான்கு பக்கத்துக்கும் நான்கு மிருகங்களின் பெயர்: குதிரைப் பக்கம் விழுந்தால் அவள், ஒட்டகப் பக்கம் விழுந்தால் அவன், செம்மறியோ வெள்ளாடோ விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். அன்றிலிருந்து ஆமைகள் வரும்போதெல்லாம் அப்படித்தான். வந்தவர்கள் பையைக்கூட இறக்காமல், இந்த இருவரும் தரையில் மண்டியிட்டு எலும்பை உற்றுப் பார்ப்பதை ஏதோ பூஜை என்று நினைத்து மரியாதையாக நிற்பார்கள்.

போன வாரம்கூட அவள் உருட்டினாள். குதிரை விழுந்தது.

“செல்லாது” என்றான் தம்தின். “கம்பளி மடிஞ்சிருக்கு பாரு, அதுல தட்டித்தான் திரும்புச்சு. மறுபடி போடு.”

“போட முடியாது. என் பூட்ஸ் எங்கய்யா?”

“என்னைக் கேட்டா?” என்றான் அவன், அதன்மேல் உட்கார்ந்துகொண்டு.